மூளைக்குள் போகும் பிரஷர் மாத்திரை மறதியைத் தடுக்குமா?

கேள்வி: செங்கோட்டைக்கு மேற்கே புளியரையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. ஒரு மாதம் என்னிடம் இருந்தால் அடுத்த மாதம் மலைக்கு அந்தப் பக்கம் தென்மலையில் அக்கா வீட்டில் இருப்பார். அக்கா புனலூரில் காட்டும் டாக்டர் பல வருடமாக டெல்மிசார்டான் 40 கொடுக்கிறார். இங்கே ஆறு மாதமாக எனலாப்ரில் 5, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா இரண்டையும் தவறாமல் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நாலைந்து மாதமாக அம்மாவுக்கு மறதி. கேட்டதையே கேட்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். திருவனந்தபுரத்தில் நர்சிங் படிக்கும் அக்கா மகள், “மூளைக்குள்ளயும் பிரஷர் ஹார்மோன் இருக்கு சித்தி. சில மாத்திரை மூளைக்குள்ள போய் மறதியைத் தடுக்கும். எனலாப்ரில் போகாது. பாட்டிக்குக் கேண்டசார்டான் மாத்தச் சொல்லுங்க” என்கிறாள். இது உண்மையா? மாற்றலாமா? அம்மாவுக்கு வறட்டு இருமலும் இருக்கிறது. மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம், குடித்தால் நன்றாகத் தூங்குகிறார். படுத்து எழுந்தால் கிறுகிறுப்பு என்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது மறதியைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி இரண்டு வரிகள்தான். மூளையைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், அக்கா மகள் கேட்டது நல்ல விஷயம். அதற்கு முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

அம்மாவின் இரண்டு மாத்திரை அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்பக்கம் திருப்புங்கள். கம்பெனி வைத்த பெயருக்கு அடியில் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். ஒன்று ‘ப்ரில்’ என்று முடியும், இன்னொன்று ‘சார்டான்’ என்று முடியும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் ஒரு குடும்பம். டெல்மிசார்டான், லோசார்டான், கேண்டசார்டான், ஓல்மெசார்டான் இன்னொரு குடும்பம். வேறு வேறு நிறம், வேறு வேறு கம்பெனி என்பதால் இரண்டும் வேறு வேறு வேலைக்கு என்று தோன்றும். இல்லை, இரண்டும் ஒரே பாதையில்தான் வேலை செய்கின்றன.

உடம்பில் இரத்த அழுத்தம் குறையும்போதும் உப்பு குறையும்போதும் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை இரத்தத்தில் விடும். கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதத்தை அந்த ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும். அதை ஏ.சி.ஈ. என்ற நொதி ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றும். இந்த இரண்டாவதுதான் ஆள். இரத்தக் குழாய்களைச் சுருக்கும், உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும், பிரஷரை ஏற்றும். ‘ப்ரில்’ மாத்திரை அது உருவாவதைக் குறைக்கிறது. ‘சார்டான்’ மாத்திரை, உருவான பிறகு அது போய் ஒட்டும் ஏ.டி.1 ஏற்பியை அடைக்கிறது. ஒரே வாய்க்காலில் மேலே ஒரு மடையும் கீழே ஒரு மடையும் அடைத்த கதை.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்பு நன்மை கிடைக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பினார்கள். 25,620 பேரை வைத்து ஆன்டார்கெட் என்ற ஆய்வு நடந்தது. டெல்மிசார்டான், ராமிப்ரில், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. 2008-இல் முடிவு வந்தது. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ கூடுதலாகக் குறையவில்லை. தலைச்சுற்றல், மயக்கம், சிறுநீரகம் கெடுவது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது எல்லாம் கூடியது. அதிலிருந்து இந்த இரண்டு குடும்பத்தையும் பிரஷருக்காகச் சேர்த்துக் கொடுப்பதில்லை.

புனலூர் டாக்டர் கொடுத்ததும் தவறில்லை, இங்கே கொடுப்பதும் தவறில்லை. அவர் எழுதியதை இவர்கள் பார்க்கவில்லை, இவர்கள் கொடுப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எல்லையோரத்தில் இருக்கிற நம் வீடுகளில் இது சர்வ சாதாரணம். பிள்ளைகளில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். பெரியவர்கள் மருந்துப் பையோடு மலை ஏறி இறங்குகிறார்கள். ஒரு பக்கத்துச் சீட்டை மறு பக்கத்தில் காட்டுவது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே நாளைக்கே இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள டாக்டரைப் பாருங்கள். நீங்களாக இரண்டையும் நிறுத்திவிட வேண்டாம், பிரஷர் சட்டென்று ஏறிவிடும். எதை நிறுத்துவது என்று அவர் சொல்வார். இருமல் இருப்பதால் பெரும்பாலும் எனலாப்ரிலைத்தான் நிறுத்தச் சொல்வார். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கூடவே பொட்டாசியம், சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் அம்மா மயங்கி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கை கால் அடியோடு தளர்ந்தாலோ, வாந்தி பேதி வந்து வயிற்றில் ஒன்றும் நிற்காமல் போனாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இப்போது அந்த இருமல். ஏ.சி.ஈ. நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. ‘ப்ரில்’ மாத்திரை அந்த நொதியைத் தடுக்கும்போது பிராடிகைனின் தேங்குகிறது, தொண்டையும் மூச்சுக்குழலும் எளிதில் கிளர்ச்சி அடைகின்றன. சளி இல்லாத, கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி வறட்டு இருமல். மாத்திரை தொடங்கிச் சில நாளிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். அம்மாவுக்கு வந்திருப்பது அதுவாக இருந்தால் எந்தச் சிரப்புக்கும் அது கேட்காது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும்.

சரி, அந்தச் சிரப்பில் என்ன இருக்கிறது? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் இருமல் சிரப்புகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமைன் இருக்கும். அலர்ஜிக்கான பழைய மருந்து, தூக்கம் வரவைக்கும். “குடித்தால் நன்றாகத் தூங்குகிறார்” என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூளையில் ஞாபகத்துக்கு மிகவும் தேவையான அசிட்டைல்கோலின் என்ற பொருளை அந்த மருந்து தடுக்கிறது. மறதி நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் அதே பொருளைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. வயதானவர்களுக்குக் கொடுக்காமல் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் இந்த வகை அலர்ஜி மருந்துகள் இருக்கின்றன. ஆக, ஒரு மாத்திரை இருமலைக் கொடுத்து, இருமலுக்கு வாங்கிய சிரப் ஞாபகத்தைக் கெடுத்து, ஞாபகத்துக்காக இப்போது மூன்றாவது மாத்திரையைத் தேடும் இடத்துக்கு நாம் வந்திருக்கலாம். சிரப்பை இன்றே நிறுத்துங்கள். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மறதி எப்போது தொடங்கியது, எனலாப்ரில் எப்போது வந்தது, இருமல் எப்போது, சிரப் எப்போது என்று நீங்களும் அக்காவும் உட்கார்ந்து மாதக் கணக்காக எழுதிப் பாருங்கள். டாக்டருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

இனி மூளைக்கு வருவோம். அக்கா மகள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

ரெனினை 1898-இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் இது சிறுநீரகமும் இரத்தக் குழாயும் சம்பந்தப்பட்ட சமாசாரம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1961-இல் நாய்களில் செய்த சோதனையில், ஆஞ்சியோடென்சினைத் தலைக்குப் போகும் இரத்தத்தில் மட்டும் செலுத்தினாலும் உடம்பு முழுக்கப் பிரஷர் ஏறியது. 1970-இல் இங்கிலாந்தின் ஃபிட்ஸ்சைமன்ஸும் அமெரிக்காவின் எப்ஸ்டைனும் சேர்ந்து, எலியின் மூளைக்குள் துளியூண்டு ஆஞ்சியோடென்சின் வைத்தால், தாகமே இல்லாத எலி ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கிறது என்று காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். தாகம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற உணர்வுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட பொருளும் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடமும் இருக்கின்றன என்று அது கண்முன் காட்டியது.

அந்த இடம் எது? மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பிணைந்திருக்கும். இரத்தத்தில் ஓடும் பல பொருட்கள் அதைத் தாண்டி மூளைத் திசுவுக்குள் போக முடியாது. இதை இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். ஆஞ்சியோடென்சினாலும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் மூளையின் நடுக்குழிகளை ஒட்டிச் சில சின்ன இடங்களில் அந்தத் தடுப்பு கிடையாது. இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று மூளை அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறது. ஆஞ்சியோடென்சின் அங்கே ஒட்டினால் தாகம் எடுக்கும், உப்பின் மேல் ஆசை வரும், சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் சுரக்கும், நரம்புகள் முடுக்கப்பட்டுப் பிரஷர் ஏறும்.

மூளை தனக்கென்று சொந்தமாக ரெனினைச் செய்துகொள்கிறதா என்பது வேறு கேள்வி. மூளையில் ரெனின் போன்ற செயல்பாடு இருக்கிறது என்று 1971-இல் டெட்லெஃப் கான்டனும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள். ‘மூளையின் தனி ரெனின் அமைப்பு’ என்ற கருத்து அதன்பின் வேகமாகப் பரவியது. ஆனால் 2017-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் அளந்து பார்த்துவிட்டு, மூளையில் காணப்படும் ரெனின் அங்கே சிக்கியிருக்கும் இரத்தத்திலிருந்து வந்ததே என்று வாதிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஏ.டி.1 ஏற்பிகள் மூளையில் இருக்கின்றன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டால் மூளையின் சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழற்சி கூடுகிறது என்பதை விலங்குகளில் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஆஞ்சியோடென்சினில் நல்லதும் உண்டு. அதன் சிறு துண்டான ஆஞ்சியோடென்சின் 4, எலிகளின் ஞாபகத்தைக் கூட்டியது. ‘சார்டான்’ மாத்திரை ஏ.டி.1-ஐ மட்டும் அடைத்து, நன்மை செய்யும் மற்ற வழிகளைத் திறந்தே விடுகிறது. அதனால் மூளைக்கு அது ‘ப்ரில்’லைவிட நல்லது என்று ஒரு கருத்து உண்டு. கேட்க அழகான கருத்துதான். மனிதரில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

எது மூளைக்குள் போகும் என்பதிலும் அக்கா மகள் படித்தது சரி. கேண்டசார்டான், டெல்மிசார்டான், பெரிண்டோப்ரில், லிசினோப்ரில் ஆகியவை தடுப்பைத் தாண்டக்கூடியவை என்று வகைப்படுத்துகிறார்கள். எனலாப்ரில் தாண்டாத பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாட்டி பல வருடமாகச் சாப்பிடும் டெல்மிசார்டானே அந்த ‘உள்ளே போகும்’ வரிசையில்தான் இருக்கிறது!

இனி ஆய்வுகள். 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, 14 ஆய்வுகளிலிருந்து 12,849 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மூளைக்குள் போகும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மூன்று வருடத்தில் நினைவுகூரும் திறன் கொஞ்சம் நன்றாக இருந்தது. செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி ஆய்வுதான். யார் எதைச் சாப்பிடுவது என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை. ஏற்கனவே சாப்பிடுகிறவர்களைக் கவனித்தார்கள். அப்படிப் பார்க்கும்போது, மாத்திரையால் வந்த வித்தியாசம் எது, ஆளால் வந்த வித்தியாசம் எது என்று பிரிப்பது கடினம்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு மருந்தைப் பிரித்துக் கொடுத்த ஆய்வுகள் அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. 70 வயதைத் தாண்டிய சுமார் 5,000 பேரை வைத்துக் கேண்டசார்டானைச் சோதித்த ஸ்கோப் ஆய்வில் (2003), அதைச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஞாபகச் சோதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆன்டார்கெட் ஆய்வின் ஞாபக விவரங்களைத் தனியே அலசி 2011-இல் வெளியிட்டார்கள். அங்கும் எந்தப் பிரிவும் தெளிவாக முந்தவில்லை. ஏற்கனவே அல்சைமர் என்ற மறதி நோய் வந்த 211 பேரைப் பிரிட்டனில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு லோசார்டானும் இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை சுருங்குவது குறையவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. கேண்டசார்டானுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. லேசான மறதியும் பிரஷரும் உள்ள 176 பேரில் கேண்டசார்டானையும் லிசினோப்ரிலையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில் (2020), திட்டமிட்டுச் செய்யும் திறனில் கேண்டசார்டான் பிரிவு மேலாக இருந்தது. 176 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதில் இன்னொன்றும் இருக்கிறது: லிசினோப்ரிலும் உள்ளே போகும் வரிசையில் சேர்ந்த மாத்திரைதான். அப்படியானால் உள்ளே போவது மட்டும் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மூளையையே குறிவைத்துச் செய்த மாத்திரையும் ஒன்று வந்தது, ஃபிரிபாஸ்டாட். மூளைக்குள் ஆஞ்சியோடென்சின் 2, ஆஞ்சியோடென்சின் 3 ஆக மாறித்தான் பிரஷரை ஏற்றுகிறது என்பது பாரிஸ் ஆய்வாளர்களின் நெடுநாள் கண்டுபிடிப்பு. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைத் தடுக்கும் மருந்து இது. 256 பேரில் செய்த இரண்டாம் கட்ட ஆய்வு 2019-இல் வெளியானபோது பிரஷர் நன்றாகக் குறைந்திருந்தது, எல்லோருக்கும் உற்சாகம். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட வெற்று மாத்திரைப் பிரிவு இல்லை. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தபோது இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு அது வருத்தமான செய்தி. பல மாத்திரைக்கும் அடங்காத பிரஷரோடு வருகிறவர்களுக்கு ஒரு புது வழி கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

அப்படியானால் மறதியைத் தடுக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பிரஷரைக் குறைத்து, குறைந்த நிலையிலேயே வைத்திருப்பது. எந்த மாத்திரையால் குறைகிறது என்பது அதற்கு அடுத்தது. ஸ்பிரின்ட் ஆய்வில் மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, 140 வரை விட்டவர்களைவிட லேசான மறதிக் கோளாறு 19 சதவீதம் குறைந்தது (அதில் சர்க்கரை உள்ளவர்களைச் சேர்க்கவில்லை). இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வு. 326 கிராமம், சுமார் 34,000 பேர். பாதிக் கிராமங்களில் அந்தந்த ஊர் மருத்துவப் பணியாளரே வீட்டில் பிரஷர் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, 130/80-க்குக் கீழே வரும்வரை மருந்தைச் சரிசெய்தார். நாலு வருடம் கழித்து அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15 சதவீதம் குறைவு என்று 2025-இல் வெளியிட்டார்கள். விசேஷ மாத்திரை ஒன்றும் இல்லை. விலை குறைந்த சாதாரண மாத்திரைகள், விடாமல் பின்தொடர்ந்த ஆள், அவ்வளவுதான். நம் பக்கம் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறவரை நான் மதிப்பது இதனால்தான். அவரிடம் புனலூர் சீட்டையும் காட்டிவிடுங்கள்.

ஆக, அம்மாவுக்கு நான் சொல்வது: கேண்டசார்டானுக்கு மாற்ற வேண்டியதில்லை. டாக்டர் ஒப்புக்கொண்டால் டெல்மிசார்டான் ஒன்றே தொடரட்டும். அது போதவில்லை என்றால் அம்லோடிபைன் போன்ற வேறு குடும்பத்து மாத்திரையைச் சேர்ப்பார். மறதிக்குத் தனியாக பி12, தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். பி12 குறைந்தால் மறதி வரும், ஊசி போட்டால் தேறவும் வாய்ப்புண்டு. காது மந்தமா, மனச்சோர்வா, இரவுத் தூக்கம் எப்படி என்பதையும் டாக்டர் கேட்பார். இத்தனையும் சரிசெய்து சிரப்பும் நின்ற பிறகு இரண்டு மூன்று மாதத்தில் மறதி குறையவில்லை என்றால், நரம்பியல் மருத்துவரிடம் முறையான ஞாபகச் சோதனை செய்துவிடுவது நல்லது. அதுவரை அடுப்பை மட்டும் தனியாக அவர் பொறுப்பில் விடாதீர்கள்.

‘ப்ரில்’லோ ‘சார்டா’னோ சாப்பிடுகிறவர்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சோடியம் குறைத்த உப்பு என்று பாக்கெட்டில் வருவதில் பல, பொட்டாசியம் சேர்த்தவை. அது இவர்களுக்கு வேண்டாம். பொட்டாசியம் முடிவு வரும்வரை தினம் இளநீரும் வேண்டாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை கடையில் வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். அம்மா கேட்கும்வரை காத்திராமல் நீங்களே தண்ணீர் கொடுங்கள்.

அக்கா மகளுக்கு ஒரு வேலை. அடுத்த முறை வரும்போது பாட்டியை ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பார்க்கட்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கிறுகிறுப்புக்குக் காரணம் தெரிந்துவிடும். அந்த அளவுகளையும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரே நோட்டில் எழுதி, அம்மாவின் பையிலேயே வைத்துவிடுங்கள். இரண்டு பக்கத்து டாக்டர்களும் அதே நோட்டில் எழுதட்டும்.